கைக்கு வந்த பாரையை விட்ட பையனைப் பற்றி

பொகவந்தலாவை,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் அழகுமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய சிவசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் நாகலெட்சுமியும் பசுமாடும் முருகன் தயவில் சுகமாக இருக்கிறோம். அங்கு கந்தப்பளையில் நீங்களும் தங்கச்சி பேச்சியம்மாவும் பிள்ளைகளும், உங்கள் மரக்கறி லொறியும் நோய்நொடி இல்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் ரம்பொடை ஏற்றத்தில் லொறி நின்றுபோனதாகக் கேள்விப்பட்டு மனம் சங்கடப்பட்டேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் பேச ஆரம்பித்தால் நீங்கள் பாதியிலேயே "சரி மச்சான், சரி மச்சான்" என்று வைத்துவிடுவீர்கள். அது ஒன்று. இரண்டாவது, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கிற இந்த லயத்துக் காம்பராவில் நான் போனில் கேள்வி கேட்டால் பக்கத்துக் காம்பராவிலிருந்து பதில் வருகிறது. இது குடும்ப விசயம். நம் ஜெயந்தினியின் கலியாண விசயம். தாய்மாமன் நீங்கள் சம்மதம் சொல்லாமல் இந்த வீட்டில் தாலி ஏறாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உங்கள் தங்கைக்கு மட்டும் அடிக்கடி மறந்துபோகிறது. ஆகையால் நான் கண்ணால் கண்டதை முழுவதும் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு "இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று ஒரே வார்த்தை நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொன்னால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

பையன் பெயர் சிவரூபன். திருகோணமலை. நம் பிள்ளை அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும்போது பழக்கம். வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் மீன் பிடிக்கக் காட்டிக்கொடுப்பதுதான் தொழிலாம். மீன் பிடிப்பது தொழில், சரி. பிடிக்கக் காட்டிக்கொடுப்பது எப்படித் தொழிலாகும் என்று நான் கேட்டதற்கு, பையனின் தகப்பன் தம்பிராசா போனில், "நீங்களே ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்றார். தேயிலை மலையில் ஆட்களை மேற்பார்த்த கங்காணியாக இருந்தவன் எதையும் நேரில் போய்ப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டான். அதனால் போன சனிக்கிழமை கிளம்பினேன்.

கிளம்பும்போது நாகலெட்சுமி சொன்னதைக் கேட்டு, குளிருக்கு இருக்கட்டும் என்று ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாவும் போட்டுக்கொண்டேன். கண்டியைத் தாண்டியதுமே வேர்க்க ஆரம்பித்தது. தம்புள்ளையில் ஸ்வெட்டரைக் கழற்றலாம் என்று பார்த்தால், உள்ளே போட்டிருந்தது ஒரு கை கிழிந்த பனியன். சம்பந்தம் பேசப் போகிற ஆள் அப்படிப் போய் நிற்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருகோணமலையில் இறங்கும்போது, ஏற்கெனவே கடலில் விழுந்து எழுந்தவன் மாதிரி இருந்தேனாம். அந்தப் பையன் பஸ் நிலையத்துக்கே வந்து, பார்த்த உடனே "வாங்கோ மாமா" என்றான். மாமா! யார் கொடுத்த உரிமை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஒரு செவ்விளநீரை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டான். வாய் இளநீரில் இருந்ததால் கேட்க முடியவில்லை.

வெறுங்கையோடு போகவில்லை, மச்சான். நீங்கள் அனுப்பிய லீக்ஸும் கரட்டும் ஒரு பை. நம் தொழிற்சாலைத் தேயிலையில் நல்ல தூளாக ஒரு டின். கூடவே மீன் பிடிக்கப் போகிறோமே என்று, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஈரமண்ணைக் கிளறி நல்ல கொழுத்த மண்புழுவாகப் பொறுக்கி, மண்ணோடு இன்னொரு டின்னில் போட்டிருந்தேன். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நான் தூண்டில் போட்ட காலமெல்லாம் புழுவுக்கு வராத மீன் இல்லை. இரண்டும் ஒரே மாதிரி மால்ட் டின். இதில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துவிடுவீர்கள். பையனின் தாயார் புனிதவதி அம்மா, "மலைநாட்டுத் தேயிலை, இப்பவே ஊத்திறன்" என்று சந்தோசமாக டின்னை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் கரண்டி விழுந்த சத்தம். அதற்குப் பிறகு ஒரு கூச்சல்.

இந்த இடத்தில் ஒரு விசயம் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். நான் அந்த வீட்டுக்குப் பயந்துகொண்டுதான் போனேன். தோட்டத்து ஆள் என்று சொன்னவுடன் மலைக்குக் கீழே சில பேருடைய குரல் மாறுவதை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள், நானும் கேட்டிருக்கிறேன். நம் பிள்ளை படித்து, வெள்ளை உடுப்புப் போட்டு நிற்கிறாள். அவளைப் பார்த்து எவனாவது ஒருவன் அந்தக் குரலில் ஒரு வார்த்தை சொன்னால், அது அவள் சாகும்வரைக்கும் அவள் காதில் இருக்கும். என்னால் அதைத் தாங்க முடியாது. அதனால் போனதிலிருந்து அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் எப்போது வரும், எழுந்து வந்துவிடலாம் என்று. புழு டின்தான் சரியான சமயம் என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மா வெளியே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "பின்னேரம் கடலுக்குப் போறவைக்கு இரை கொண்டு வந்திருக்கிறார், எனக்கல்லோ விளங்கயில்ல" என்று சொல்லிச் சிரிசிரியென்று சிரித்தார். தம்பிராசாவும் சிரித்தார். பிறகு என்னிடம், "ஏன் சம்பந்தி, தேயிலைப் பச்சைக் கொழுந்தைக் கீரை மாதிரி அப்பிடியே சுண்டித் தின்னலாமோ?" என்று ஒரு கேள்வி கேட்டார். ஒரு பெரிய மனிதருக்கு இது தெரியவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் 'சம்பந்தி' என்று அவர் சொன்னதைக் கவனித்தீர்களா? அப்பனும் மகனும் அவசரக்காரர்கள்.

மத்தியானம் சாப்பிட்டு, வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் படகில் ஏறினோம். தம்பிராசா பின்னால் எஞ்சினில். அந்தப் பையன் முன்னால். நான் நடுவில், புழு டின்னோடு. பையன் டின்னைப் பார்த்து, "மாமா, இண்டைக்கு இரை தேவையில்ல" என்று சொல்லிவிட்டு ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே மரத்தில் செதுக்கிய மீன்கள். நீலம், வெள்ளி, சிவப்பு என்று சாயம் பூசி, கண்ணாடிக் கண் வைத்து, வயிற்றில் மூன்று பல் தூண்டில் முள் தொங்கவிட்டு, கலியாணத்துக்குப் போகிற மாதிரி அலங்காரம். வாய் மட்டும் கிண்ணம்போலக் குழிந்திருக்கிறது. "இதுக்குப் பேர் பொப்பர், மாமா. அடிக்குப் போகாது, மேலயே மிதக்கும். வெட்டி இழுத்தா வாயால தண்ணியை அடிச்சுச் சத்தம் போடும். அடிபட்ட மீன் எண்டு நினைச்சுப் பெரிய மீன் கீழ இருந்து எழும்பி வரும்." எல்லாம் அவனே செதுக்கினதாம். என்ன மரம் என்று கேட்டேன். முள்முருங்கை. மச்சான், நம் தேயிலைக்கு நிழலாக நட்டு, வருசா வருசம் வெட்டித் தள்ளுகிற மரத்தை இவன் மீனாக்கி வைத்திருக்கிறான். மீனுக்குப் பொம்மை காட்டி ஏமாற்றுகிற ஆள், நாளைக்கு நம் பிள்ளைக்கு எதைக் காட்டி ஏமாற்றுவான் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. குறித்துக்கொள்ளுங்கள்.

கடலைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. ஹட்டன் வளைவுகளில் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டே வடை தின்றவன் நான். ஆனால் ரோடு நம்மைப் பக்கவாட்டில்தான் ஆட்டும். கடல் மேலும் கீழும் ஆட்டுகிறது. புனிதவதி அம்மா சமைத்த இறால் குழம்பை அதிக நேரம் வைத்திருக்க முடியவில்லை. தம்பிராசா எஞ்சினை நிறுத்தி, "முதல் முறை எல்லாருக்கும் இப்பிடித்தான்" என்று முதுகைத் தடவினார். பையன் ஒரு துண்டு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, தூரத்துக் கரையைப் பார்க்கச் சொன்னான். குற்றம் சொல்ல ஏதாவது கிடைக்கும் என்று பார்த்தேன், கிடைக்கவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு என் கையில் தூண்டில் கோலைக் கொடுத்தார்கள். பையன் எறிந்து காட்டியபோது பொம்மை மீன் வெகுதூரம் பறந்துபோய் பூப்போல விழுந்தது. நான் எறிந்தபோது என் தலை லேசானது. என்னவென்று பார்த்தால், என் கம்பளிக் குல்லாவையும் மாட்டிக்கொண்டு பொம்மை பறக்கிறது. குல்லா தண்ணீரில் மிதந்தது, நான் இழுக்க இழுக்க அது தலையாட்டிக்கொண்டே வந்தது. தம்பிராசா நிதானமாக, "உந்தத் தொப்பிக்கு மீன் வராது, சம்பந்தி" என்றார். இரண்டாவது எறியில் அவர் கட்டியிருந்த சாரத்தில் மாட்டியது. மூன்றாவதில்தான் கடலில் விழுந்தது.

அந்த நேரத்தில் பையன் கையைக் காட்டினான். ஆலாப் பறவைகள் ஒரே இடத்தில் வட்டமடித்துத் தண்ணீரில் குத்திக் குத்தி எழுகின்றன. கீழே சாளை மீன் கூட்டம் மழை பெய்கிற மாதிரி துள்ளுகிறது. அதைத் துரத்திக்கொண்டு பாரை மீன்கள் முதுகு தெரிய வருகின்றன. தம்பிராசா எஞ்சினை அணைத்தார். பையன் குரலைத் தாழ்த்தி, "மாமா, மீன் மேலுக்கு நிக்குது. சத்தம் போட்டா கீழ போயிடும். மெல்லமா எறியுங்கோ" என்றான். நானும் எறிந்தேன். என்ன அதிசயமோ, சரியாகக் கூட்டத்துக்கு நடுவில் போய் விழுந்தது. என் வாழ்க்கையில் கடலில் போட்ட முதல் நல்ல எறி. மச்சான், நீங்களே சொல்லுங்கள், காலையில் கொழுந்து மலையில் முதல் கைப்பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது நாம் என்ன சொல்வோம்? என் ஆயுளில் பாதியை அதைச் சொல்லியே கழித்தவன். யோசிக்கவே இல்லை. எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளுக்கும் கேட்கிற குரலில், "பொலியோ பொலீ! பொலி பொலி பொலீ!" என்று முழங்கிவிட்டேன்.

சாளை போனது. பாரை போனது. ஆலாக்கள் கலைந்து போயின. தூரத்தில் இன்னொரு படகில் இருந்தவர்கள் எழுந்து நின்று எங்களைப் பார்த்தார்கள். கடல் துடைத்துவிட்ட மேசைபோல ஆனது. தம்பிராசா என் பக்கம் திரும்பினார். இப்போது வரும் அந்தக் குரல், இப்போது வரும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். பையன்தான் "அது என்ன மாமா சொன்னீங்கள்?" என்று கேட்டான். கூடை நிறைய வேண்டும் என்று முதல் கொழுந்துக்குச் சொல்வது என்றேன். "அப்ப நல்ல வார்த்தைதானே. இனி நிரம்பும், இருங்கோ" என்று சொல்லி அவனும் கடலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். என்னை மடக்கப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாதா?

இனித்தான் முக்கியமான விசயம். வேறொரு இடத்தில், பாறை ஓரமாகப் படகை நிறுத்தினார்கள். கோல் விலைகூடினது என்று தெரிந்தது. என் கையோ வேர்வையில் வழுக்குகிறது. அடுத்தவன் சாமானைக் கடலில் விட்டுவிட்டு நிற்கக் கூடாது என்று, நம் பெண்கள் கொழுந்தெடுக்கும்போது படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு நல்ல கயிற்றால் கோலின் அடியை என் இடுப்போடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அவர்கள் கவனிக்கவில்லை. இழு, நிறுத்து, இழு, நிறுத்து என்று பையன் சொல்லச் சொல்ல இழுத்தேன். பொம்மை 'குளக், குளக்' என்று தண்ணீரைக் குடித்துக்கொண்டு வந்தது. திடீரென்று யாரோ வானத்திலிருந்து அம்மிக்கல்லைப் போட்ட மாதிரி தண்ணீர் வெடித்தது. பாரை! என் நெஞ்சளவு பாரை! பக்கம் முழுவதும் வெள்ளி. நான் பார்த்தேன், மச்சான், என் கண்ணால் பார்த்தேன். கோல் வில்லாக வளைந்தது, ரீல் கதறியது, நான் மலைபோல நின்றேன். படகு லேசாகச் சாய்ந்தது. நான் கொஞ்சம் நனைந்தேன். கடல் என்றால் நனையத்தான் செய்யும், அதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து நான் பார்க்கும்போது அந்தப் பையன் கையில் கத்தி இருக்கிறது, தங்கூசி நூல் அறுந்து கிடக்கிறது, பாரை அவன் செதுக்கிய மீனையும் வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டது. வெட்டிவிட்டான், மச்சான். கைக்கு வந்த மீனைத் தன் கையாலேயே வெட்டிவிட்டான்!

ஏனடா என்று கேட்டதற்கு, "போனாப் போகுது மாமா" என்கிறான். போனால் போகிறதா? அவர்கள் தொழிலே அப்படித்தானாம். வெள்ளைக்காரர்கள் நாள் முழுக்க வெயிலில் காய்ந்து பிடித்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, முத்தம் கொடுத்துத் திரும்பவும் கடலில் விட்டுவிடுவார்களாம். பறித்த கொழுந்தைத் திரும்பச் செடியில் ஒட்ட வைக்கிற வேலை இது. கரைக்கு வந்ததும் புனிதவதி அம்மா தலையைத் துவட்டிவிட்டு, மிளகு ரசம் வைத்துக் கொடுத்து, தம்பிராசாவின் சாரத்தையும் சட்டையையும் கட்டிக்கொள்ளச் சொன்னார். கொஞ்சம் நனைந்தவனுக்கு அவ்வளவு உபசாரம் தேவையில்லை.

நான் போகும்போதே லயம் முழுவதற்கும் கடல்மீன் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். மிளகாய் அரைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். லயத்துக்கு முன்னால் மானம் போகக் கூடாதென்று ஹட்டனில் இறங்கி ஒரு கடையில் மீன் வாங்கினேன். இது நமக்குள் இருக்கட்டும். எல்லாரும் ருசியாகச் சாப்பிட்டார்கள். ஆட்டோ ஓட்டுகிற கிஷாந்த் மட்டும், "கங்காணி, நீங்க புடிச்ச மீனு எப்புடிங்க கடல்ல இருந்தே துண்டு துண்டா வந்துச்சு?" என்று கேட்டான். அவனுக்கு எப்போதும் குதர்க்கம்தான்.

ஆக, மச்சான், இதுதான் என் முடிவு. கைக்கு வந்ததைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாத ஒருவன் குடும்பத்தை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்வான்? இன்றைக்கு மீனை விட்டவன் நாளைக்கு எதை விடமாட்டான்? குடும்பம் நல்ல குடும்பம். பேச்சும் மரியாதையும் குறைவில்லை. இறால் குழம்பு பிரமாதம். ஆனால் பையன் சரியில்லை. தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் உறுதியாக "வேண்டாம்" என்று சொல்லி, பழியை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கச்சி பேச்சியம்மாவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நூறு வயது வாழ என் ஆசீர்வாதம். லொறிக்கு எலுமிச்சம்பழம் கட்ட மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
சிவசாமி.

பி.கு.: அண்ணே, நான் நாகலெட்சுமி எழுதுறேன். தபால்ல போடுன்னு என் கையில குடுத்துட்டு இவரு பீலிக்கரைக்குக் குளிக்கப் போயிட்டாரு. பூராத்தையும் படிச்சேன். புழு டின்னு வரைக்கும் நெசம். அதுக்கப்புறம் நடந்தத ஜெயந்தினியும் பையனோட அம்மாவும் போன்ல சொல்லிட்டாங்க. இவரு கொஞ்சமா நனையலண்ணே. கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு நின்ன மனுசன, அந்த மீனு தலைகுப்புறக் கடலுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. நீச்சல் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல. அந்தப் புள்ள கத்தியோட பின்னாலயே குதிச்சு, நூல வெட்டி, இவரத் தூக்கிப் புடிச்சிருக்கு. அம்புட்டுப் பெரிய பாரைய அது இதுவரைக்கும் கண்டதே இல்லையாம். திரும்பிக்கூடப் பாக்கலையாம்.

தண்ணிக்குள்ள இவரு என்னா கத்துனாரு தெரியுமா? "மாப்ள, என்னைய விட்றாத! மாப்ள, விட்றாத!" சம்பந்தி படகுல இருந்து காதாரக் கேட்டிருக்காரு. பொண்ணோட அப்பா தன் வாயாலயே மாப்பிள்ளைன்னு கூப்பிட்டதுக்கப்புறம் வேற என்னா வேணும்னு, அந்த அம்மா இன்னைக்கிக் காலையில நாள் பாக்கவான்னு கேட்டாங்க. பாருங்கன்னு சொல்லிட்டேன். இவருக்கு இன்னும் சொல்லல. நீங்களும் மதினியும் தாய்மாமன் சீரோட வந்து சேருங்க. சம்மதமான்னு கேக்க மாட்டேன், வந்தா போதும்.

இத எழுதிக்கிட்டு இருக்கயிலயே பீலிக்கரையில இவரு சத்தம் கேக்குது. கிஷாந்துகிட்டதான் சொல்லிக்கிட்டு இருக்காரு. லயமே வாசல்ல நின்னு கேக்குது. "மீனு போனா போகட்டுமேடா. எங்க மாப்ள மீன விட்டுட்டு என்னையப் புடிச்சாருடா"ன்னு சொல்றாரு. சொல்லிட்டு, குரல் உடைஞ்சு, மூஞ்சியில தண்ணிய அள்ளி அள்ளி ஊத்திக்கிறாரு.